எந்த மருந்து?

“கையில மருந்து இருக்கு சார், அதான் பிள்ளையத் தொட முடியல” என்று சிவகாசியில் ஒரு டாக்டரிடம் அழுதேன். அவர் வெளியூர்க்காரர், எங்கள் பக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. “மருந்து இருக்குல்ல, அப்புறம் என்ன? வேளாவேளைக்கு ஒழுங்கா சாப்பிடுங்க” என்றார். உடம்பில் சத்தில்லை என்று ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்தார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போடுகிற மருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. “இன்னைக்கு மத்தியானமே மருந்து தீந்துபோச்சு, அதான் வெரசா வந்துட்டேன்” என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னால் அவள் நோயாளி இல்லை, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இது அந்த டாக்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியாது. இந்த ஒரு சொல்லால் என் மகள் தாய் மடி இல்லாமல் இன்னும் நாலு மாதம் கிடந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு, யார் மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்போன் அப்போதுதான் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. விஸ்வநத்தம் பக்கத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டினார். அவருடைய அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கட்டினவரைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளை குட்டி இல்லாமல் எங்களோடு இருந்தார். வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்கு வெறும் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பார். நான் கம்பெனிக்குப் போய் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். மற்ற ஊரில் புஸ்வாணம் என்பார்களே, அதுதான் எங்களுக்குப் பூச்சட்டி. பிளஸ் டூ வரை படித்திருந்தேன். படிப்பைவிட வாய் நீளம் என்று மதினி சொல்வார், அது உண்மைதான்.

கல்யாணமாகி ஏழு மாத வயிற்றோடு இருந்தபோது ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். பசி பொறுக்கவில்லை. சேலையை மாற்றாமல் அப்படியே ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குச்சியை உரசினேன். முந்தானை ஓரத்தில் ‘பொசுக்’ என்று ஒரு பொறி. கடுகளவுதான் இருக்கும். சேலை மடிப்பில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்த மருந்து. தட்டினேன், அணைந்துவிட்டது. மதினியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன். “ஏ புள்ள, வயித்துல ஒரு உசுரு இருக்கு, பாத்துக்க” என்றார் அவர். அன்றைக்கு எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் வேடிக்கை. அந்தப் பயம் எங்கேயோ போய் இருந்துவிட்டு ஏழெட்டு மாதம் கழித்து வந்தது.

மகள் பிறந்து ஐந்து மாதத்தில் திரும்ப வேலைக்குப் போனேன். ஆடி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரம், கம்பெனி வேன் வாசலுக்கே வந்து நின்று ஹாரன் அடிக்கும். முதல் நாள் வந்ததும் குளித்து, சேலை மாற்றி, பாப்பாவைப் பால் கொடுக்க எடுத்தேன். அவள் என் விரலைப் பிடித்து வாயில் வைத்தாள். என் நகக்கண்ணில் வெள்ளியாய் ஏதோ மினுங்கியது. பூச்சட்டிக்குப் போடுகிற அலுமினியப் பவுடர், எத்தனை தேய்த்தாலும் லேசாய் ஒட்டிக்கொண்டிருக்கும், எங்கள் எல்லோர் கையிலும் இருக்கும். வெடுக்கென்று விரலை உருவினேன். பிள்ளை வீறிட்டாள். எனக்கு அந்த ஸ்டவ்வும் குச்சியும் பொறியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இந்தத் தடவை பொறி முந்தானையில் விழவில்லை, பிள்ளையின் வாய்க்குள் விழுந்தது.

அன்றைக்குத் திரும்பப் போய்க் கை கழுவினேன். மறுநாள் மூன்று தடவை. அதற்கடுத்த வாரம் ஏழு. எண்ணிக்கொண்டே கழுவ வேண்டும், நடுவில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி யார் எனக்குச் சட்டம் போட்டது? யாருமில்லை, நானே. கழுவி முடித்ததும் நெஞ்சில் ஒரு ஆறுதல் வரும். அந்த ஆறுதல் பிள்ளையின் தொட்டில் வரைக்கும் கூட நிற்காது. ‘வாளியின் பிடியைத் தொட்டாயே, அதில் மருந்து இருந்திருந்தால்?’ என்று உள்ளே ஒன்று கேட்கும். திரும்பப் போவேன். குளிக்கிற சோப்பை விட்டுத் துணி சோப்புக்கு மாறினேன். தோல் வெடித்துச் சோறு பிசைந்தால் எரிந்தது.

பிறகு மார்பிலும் மருந்து பட்டிருக்கும் என்று தோன்றியது. வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்தேன். வேலைக்குப் போகிறவள் வேறு என்ன செய்வாள் என்று தெருவில் எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை. பால் கட்டி, வலி தாங்காமல் மறைவில் போய்ப் பீச்சித் தரையில் ஊற்றினேன். பாப்பா புட்டிப் பாலுக்குப் பழகினாள், மதினியின் தோளுக்குப் பழகினாள். நான் நாலடி தள்ளி நின்று கொஞ்சுவேன். என்னைப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், கம்பெனியில் எனக்கு நல்ல பேர்.

பட்டாசு வேலையில் விதி நிறைய. செருப்புப் போடக்கூடாது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. உள்ளே நுழையும் முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் கரண்டு ஏறியிருந்தால் இறங்கிவிடும். எல்லோரும் ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போவார்கள், சிலர் தொட்டதாகப் பேர் பண்ணுவார்கள். நான் தொடுவேன், உள்ளே போவேன், சரியாகத் தொட்டேனா என்று திரும்ப வந்து தொடுவேன். கீழே சிந்திய மருந்தைக் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவேன். மற்றவர்கள் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் தொட்டியடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். போர்மேன் அண்ணாச்சி மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். “பாருங்க, இதுல்ல பொறுப்பு. நீங்களும் இருக்கீகளே.”

ஆயுத பூஜை அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் பொரி, சேலை கொடுத்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். பாதுகாப்பாக வேலை பார்ப்பதற்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு. “இந்தப் பிள்ளை மாதிரி எல்லாரும் இருந்தீகன்னா நம்ம கம்பெனியில ஒரு பொறி பறக்காது” என்றார். கைதட்டினார்கள். அப்போது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அந்த வாளியை இதுவரை யார் யார் தொட்டிருப்பார்கள் என்று. வீட்டுக்கு வந்து அதைப் பையோடு பரணில் போட்டேன், ஒரு நாளும் எடுக்கவில்லை. சீக்கு வந்தவளுக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டியது எங்கள் கம்பெனி ஒன்றாகத்தான் இருக்கும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஊரே வாசலுக்கு ஓடிவந்து, எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் என்று பதறுகிற ஊர் எங்களுடையது. அங்கே அளவுக்கு மீறிப் பயப்படுகிறவளை யார் நோயாளி என்று நினைப்பார்கள்?

தீபாவளி முடிந்து வேலை குறைந்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வெளியூர் டாக்டரிடம் கூட்டிப் போனார். டானிக்கோடு வந்த கதையைச் சொல்லிவிட்டேன். மதினிக்கு டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை. “இது பயந்த கோளாறுலே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று தம்பியிடம் சொல்லி, என்னை மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போய், முகத்தில் தண்ணீர் தெளிக்க வைத்துக் கூட்டி வந்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் தெளித்தவர் கையில் மருந்து இருந்திருக்குமோ என்று வந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், டானிக் எழுதியவரைவிட மதினிதான் நோயின் பக்கத்தில் போனார். பயம் என்கிற வரைக்காவது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாசி மாதம். பாப்பாவுக்கு ஒரு வயது, பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் நான் கழுவி முடித்து அறைக்குள் வந்தேன். மதினி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பாப்பா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். ஒரு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். நேரமும் இருந்தது. இதை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், நேரம் இருந்தது. என் இரண்டு கையும் மேலே போயின. பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் சிமெண்டுத் தரையில் முகங்குப்புற விழுந்தாள்.

“மதினீ!” என்று கத்தினேன். மதினி ஓடிவந்து தூக்கினார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. நான் இன்னும் கையை இறக்கவில்லை. மதினி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

வீட்டுக்காரர் வந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார். அவர் விரலெல்லாம் மை, அதோடுதான் தினமும் தூக்குவார், அதற்காக நான் தினமும் சண்டை போடுவேன்.

“கை எட்டலையா?” என்று கேட்டார்.

“எட்டுச்சு.”

“பெறகு?”

“கழுவுனது காணாதுங்க.”

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் அந்த மை விரலாலேயே பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய அடியாக இருந்தது.

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனோம். உதட்டில் மருந்து வைக்க, நான் சொல்வது உங்கள் ஊர் மருந்து, அங்கிருந்த நர்ஸம்மா “பிள்ளையோட அம்மா யாரு, வந்து பிடிங்க” என்றார். நான் பின்னால் நகர்ந்தேன். மதினியே பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா வேலையை முடித்துவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் வெடித்து, சிவந்து, சோப்பில் வெந்த கை. “ஒரு நாளைக்கு எத்தனை வாட்டிம்மா கழுவுத?” என்றார். முதல் தடவையாக ஒருத்தர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒரு சீட்டில் விருதுநகர் விலாசம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் அங்கே மனசுக்குப் பார்க்கிற ஒரு அம்மா வருகிறார் என்றார்.

மனசுக்குப் பார்ப்பதென்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். “அங்கன போனது தெரிஞ்சா பைத்தியக்காரின்னு முத்திரை குத்திருவாகளே” என்று மதினி பயந்தார். நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட யாராவது சொல்வார்களாம். ஒரு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை! கடைசியில் பிள்ளைக்குத் தொக்கம் எடுக்கப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு, தொண்டையில் ஒன்றுமே சிக்காத பிள்ளையோடு நாலு பேரும் பஸ் ஏறினோம்.

மாடியில் ஒரு சின்ன அறை. என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் “சொல்லுங்க” என்றார்.

“கையில மருந்து இருக்கு. கழுவக் கழுவப் போக மாட்டேங்கு” என்றேன்.

எழுதப் போனவர் நிறுத்தினார். “எந்த மருந்துங்க?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் வெளியூர்தான், அவருக்கும் எங்கள் மருந்து தெரியாது. ஆனால் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பூச்சட்டி என்றால் என்ன, அதில் மருந்தை எப்படி அடைப்போம், என்ன நிறம், எங்கே கழுவுவோம், எந்தச் சேலையில் வீட்டுக்கு வருவோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்டவ்வில் பறந்த பொறி வரைக்கும் சொன்னேன். கட்டிலடியில் கையைத் தூக்கியதையும் சொன்னேன். அவர் ‘ச்சே’ என்றோ ‘அடடா’ என்றோ சொல்லவில்லை.

“நான் பைத்தியமா டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லைங்க, மனோதத்துவம் படிச்சவ. மாத்திரை தேவைப்பட்டா அதுக்கு ஒரு டாக்டர்கிட்ட அனுப்புறேன். நீங்க பைத்தியம் இல்லை. உங்க பயம் பொய்யும் இல்லைங்க, பொறி நிஜமாத்தானே பறந்துச்சு? அளவுதான் கை மீறிப் போயிருச்சு.” பிறகு நிதானமாகச் சொன்னார். “பயம் வருது, கழுவறீங்க. கழுவினதும் பயம் இறங்குது. அதைப் பார்த்து உங்க மனசு என்ன கத்துக்குது? கழுவினதாலதான் பிள்ளை பொழைச்சதுன்னு. அடுத்த தடவை இன்னும் அதிகமாக் கேக்குது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நான் கழுவாம இருந்து பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து பாப்பீகளா?”

“ஒண்ணுமே ஆகாதுன்னு நூத்துக்கு நூறு யாராலயும் எழுதிக் கொடுக்க முடியாதுங்க, எந்த அம்மாவுக்கும். அந்த நூறு வேணும்னுதான் நீங்க கழுவிட்டே இருக்கீங்க.”

என் வாயை அடைத்தவர்கள் ஊரில் ரொம்பப் பேர் கிடையாது.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, மருந்தைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் போய், எத்தனை தடவை கழுவினால் போதும் என்று கேட்டு வருவது. போர்மேன் அண்ணாச்சியிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை. “கம்பெனியில சோப்புப் போட்டு ஒருவாட்டி நல்லா கழுவணும். வீட்டுக்குப் போயி குளிச்சு, சேலைய மாத்தணும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல எதுக்கு?”

“அப்ப எனக்கு எதுக்கு அண்ணாச்சி தூக்குவாளி குடுத்தீக?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கையைக் காட்டினேன். “அடப்பாவி மக்கா, சுத்தபத்தமா இருக்கன்னுல்ல நெனச்சோம்” என்றார். பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளைப் பார்க்கத்தானே சம்பளம் வாங்குகிறார், ஆளைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்திருக்கிறார்.

ஒரு தடவை கழுவுவது, குளிப்பது, சேலை மாற்றுவது. அதற்கு மேல் கிடையாது. எழுத எளிதாக இருக்கிறது. விருதுநகர் அம்மா அடுத்த வியாழக்கிழமை வரும்போது துவைத்த வேலைச் சேலையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனதும் அவரே அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தொடச் சொன்னார், தொட்ட கையால் பாப்பாவின் சட்டையைத் தொடச் சொன்னார். கழுவக்கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். “பயம் பத்துக்கு எத்தனை?” என்றார். “பத்துக்குப் பதினஞ்சு” என்றேன். முதுகு நனைந்துவிட்டது, எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. அவர் கூடவே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், பத்து. இன்னும் கொஞ்ச நேரம், எட்டு. நான் ஒன்றுமே செய்யவில்லை, அது தானாக இறங்கியது. கழுவாமலே இறங்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சட்டை, பிறகு பாப்பாவின் கால், பிறகு முதுகு, பிறகு மடியில் வைப்பது என்று வாரத்துக்கு ஒன்றாகப் போனோம். மாத்திரையும் சில மாதம் சாப்பிட்டேன். எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். சித்திரையில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் விபத்து என்று சேதி வந்த அன்றைக்குப் பதினோரு தடவை கழுவினேன். ‘எல்லாம் போச்சு, பழையபடி வந்துவிட்டது’ என்று வியாழக்கிழமை போய் அழுதேன். “அன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும்தான் பயம் இருந்திருக்கும். மறுநாள் எத்தனை தடவைங்க?” என்று கேட்டார். மறுநாள் மூன்று. “அப்ப எப்படிப் பழையபடின்னு சொல்றீங்க?” என்றார்.

மனோதத்துவம் மனித வாழ்வை எப்படி மேம்படுத்துகிறது என்று பெரிய பெரிய கட்டுரைகளை இப்போது வாசிக்கிறேன். எனக்கு அவ்வளவு பெரிதாகச் சொல்லத் தெரியாது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் மண் வாளி இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு எவ்வளவு பயம் போதும், எதற்கு மேல் போனால் அது சீக்கு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த அளவைச் சொல்ல ஒரு படிப்பு இருக்கிறதே, அதுவும் என்னைப் போன்றவளிடம் வந்து பொறுமையாகக் கேள்வி கேட்கிறதே, அது சாதாரண விஷயமா? பயமே இல்லாமல் செய்துவிடு என்று நான் கேட்கவும் இல்லை, அவர் செய்யவும் இல்லை. எங்கள் வேலைக்குப் பயம் வேண்டும்.

ஆனால் அந்தப் படிப்பாலும் உடனே சரி செய்ய முடியாத ஒன்று வீட்டில் இருந்தது. ஆவணி பிறக்கும்போது என் பயம் மூன்றுக்கு வந்துவிட்டது. நான் கை நீட்டினேன், பாப்பா வரவில்லை. பிடித்துத் தூக்கினால் கட்டையாய் விறைத்துக்கொண்டு மதினி பக்கம் தாவினாள். ஒன்றரை வயதில் அவளுக்கு ‘ம்மா’ சொல்ல வந்துவிட்டது, மதினியைப் பார்த்துத்தான் சொன்னாள். மதினி பதறிப்போய், “நான் அத்தைடா, அங்கன பாரு, அதுதான் அம்மா” என்று என்னைக் காட்டுவார். பாப்பா என்னைப் பார்ப்பாள், விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. திரும்பவும் மதினியிடமே ‘ம்மா’ என்பாள்.

விருதுநகரில் போய், “உங்க வைத்தியத்துல என் கை சரியாச்சு, என் பிள்ளை போயிருச்சே” என்று கத்தினேன். அவர் ஒரு நாளும் பொய்யாய் ஆறுதல் சொல்கிறவர் இல்லை. “பிள்ளைக்கும் பழக நாள் ஆகும்ங்க. தினமும் கொஞ்ச நேரம் தரையில அவ பக்கத்துல உட்காருங்க. இழுக்காதீங்க. அவளா வரட்டும்” என்றார். எப்போது வருவாள் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

தினமும் உட்கார்ந்தேன். அவள் சொப்புச் சாமானை உருட்டுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். புரட்டாசி முழுக்க அப்படியே போனது. வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயத்துக்கு எத்தனை தடவை கழுவுவது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கடைசி லோடு ஏற்றிவிட்டு, தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனதால் கழுவாமலே வேன் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். பாப்பா வாசலில் நின்று குழாய்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மதினி படியில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் யாரோ ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். எனக்கே காது அடைத்துவிட்டது.

பாப்பா அலறிக்கொண்டு ஓடினாள். மதினி பதறி எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். பாப்பா எந்தப் பக்கம் பார்த்து நின்றாளோ அந்தப் பக்கம் ஓடினாள். அது என் பக்கம். “ம்மா” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் குனிந்து அள்ளினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, அம்மா இருக்கேன்” என்றேன். அந்த வாக்கியத்தை அவளிடம் நான் அதுவரை சொன்னதே இல்லை.

மதினி நீட்டிய கையை மடக்கிச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் வளர்த்தவர். “உள்ள கொண்டு போ புள்ள, பயந்திருக்கா” என்றார்.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். இறக்கிவிடப் பார்த்தால் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்படியே மார்பில் சாய்ந்து தூங்கியும் போனாள். மதினி எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சோற்றில் கை வைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன், நான் இன்னும் கழுவவே இல்லை. திடுக்கென்றது. பிள்ளையை மதினி மடியில் கிடத்தினேன், அவள் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டேன். பயந்துகொண்டேதான் கொல்லைக்குப் போய், ஒரே ஒரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக் குளித்தேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, பிள்ளையை என் மடிக்கு வாங்கிக்கொண்டு சாப்பிட்டேன்.